ஒரே நாளில் பாதியான பங்கு

இன்று காலை ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகிற பஸ்ஸில், டவுனில் புடவைக்கடை வைத்திருக்கும் செல்வம் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"சேர், நீங்க கொமர்ஸ் படிச்சுக் குடுக்கிறவங்க. இத கொஞ்சம் பாருங்க" என்று போனை நீட்டினார்.

நீரிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்கும் கம்பெனிகளில் முதலிடுகிற ஒரு நிதியம். அதில் அவர் பங்கு வாங்கியிருக்கிறார். பழைய விலைகளின் கோடு அழகாக ஏறி வந்து, போன மாதம் ஒரே நாளில் சரிபாதியாக விழுந்திருந்தது.

நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உலகச் சந்தை, வட்டி வீதம், மழைவீழ்ச்சி என்று இருபது நிமிடம் விளக்கினேன். "இருக்கிறதையாவது காப்பாத்துங்கண்ணே, வித்துருங்க" என்றும் சொன்னேன்.

அவர் விரல் விற்கும் பட்டனுக்குப் போனது.

முன் சீட்டில் மரக்கறிப் பையோடு இருந்த அக்கா திரும்பினார். "அண்ணே, அவசரப்படாதீங்க. உங்ககிட்ட இப்ப எத்தன பங்கு இருக்குன்னு பாத்தீங்களா?"

பார்த்தார். வாங்கியதைப் போல இரண்டு மடங்கு இருந்தது.

"ஒரு பங்க ரெண்டா பிரிச்சிருக்காங்க. அதான் வெல பாதியாத் தெரியுது. உங்களுக்கு ஒண்ணும் நட்டமில்ல. எங்கிட்டயும் இதே பங்குதான். பிரிக்கப்போறோம்னு ஈமெயில் அனுப்பியிருந்தாங்களே, நீங்க வாசிக்கலையா?"

செல்வம் அண்ணன் நீண்ட மூச்சு விட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே எழும்பிப் போய், அந்த அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

முதலீட்டு ஆலோசனை தேவைப்படும் நண்பர்கள் கொமெண்ட்டில் சொல்லுங்கள். என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருக்கிறது.