பீர்க்கன்கரணை முதல் மாடம்பாக்கம் வரை: கலைந்துபோன ஒரு தொகுதியில்

மறைந்த என் மனைவி வத்சலாவின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்குவதற்கான படிவத்தை அலுவலர் கொடுத்துச் சென்ற மறுநாள், ஞாயிறன்று, இப்பயணம் போனேன். இருவரும் சேர்ந்து போகத் திட்டமிட்டிருந்த பயணம்.

பழைய சைதாப்பேட்டை வட்டத்துக் கிராமங்களுக்கு ஆங்கிலேயர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. இரண்டே தேர்தல்கள், பிறகு கலைந்தது. வேட்பாளருக்கொரு வண்ணத்தில் வாக்குப்பெட்டி. வரி கட்டியவர், படித்தவர் எனச் சிலருக்கே வாக்கு. கணவரின் தகுதியால் வாக்குப் பெற்ற பெண்ணின் பெயர், கணவர் இறந்தாலும், அவள் மறுமணம் செய்யாதவரை பட்டியலில் நீடிக்கும் என்பது விதி.

இதைப் படித்துக் காட்டியபோது வத்சலா, "பொண்டாட்டி போனா புருஷன் பேரு இருக்குமா?" என்றாள். என் வாக்கு அவளைச் சார்ந்ததல்ல, ஆகவே அதற்கு விதி தேவையில்லை என்று விளக்கினேன். "ஓகோ, உங்க ஓட்டுக்கு நான் தேவையே இல்லியா?" என்று சிரித்தாள்.

காலை 6.40-க்குத் தாம்பரத்தில் மின்சார ரயில். அடுத்த நிலையமே பெருங்களத்தூர். கட்டணம் ஐந்து ரூபாய். அங்கிருந்து பீர்க்கன்கரணை ஏரி வழியாக மாடம்பாக்கத்துக்கு ஆட்டோ, ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர், 350 ரூபாய்.

"பிளாட் பாக்க வந்தியா சார்?" என்றார் ஓட்டுநர் சேகர். தொகுதி பார்க்க வந்ததாகச் சொன்னேன். "இல்லாத தொகுதில உன்ன எங்க சார் எறக்கி வுடுறது?"

ஏரிக்கரையைச் சுற்றிலும் அடுக்குமாடிகள். வண்ணப்பெட்டிகள் எங்கே வைக்கப்பட்டன என்று சொல்வாரில்லை. மாடம்பாக்கத்தில் சோழர் காலச் சிவன் கோயில் வாசலில் நிறுத்தியபோது படிவத்தைப் பற்றிச் சொன்னேன். சேகர் வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"எங்கம்மா பேரு இன்னும் லிஸ்ட்ல கீது சார். எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் சிலிப்பு வருது. அது போட்டோவாண்ட வெச்சிடுவோம். ஓட்டு யாரும் போடறதில்ல."

பெயரை நீக்காமல் விடுவது விதிப்படி தவறு என்றேன். "தெரியும் சார்" என்றார்.

வீடு திரும்பிப் படிவத்தில் கையொப்பமிட்டேன். சென்ற தேர்தலுக்கு அவளுக்கு வந்த சீட்டு மேசை இழுப்பறையில் இருந்தது. அதை அவள் படத்தருகே வைத்தேன். அதற்குத் தடை விதி எதுவுமில்லை.

செல்ல விரும்புவோர் எட்டு மணிக்குள் ஏரியைப் பார்த்துவிடுங்கள். பிறகு நிழல் இல்லை. கோயில் நண்பகலில் நடை சாத்தப்படும். ஆட்டோக் கட்டணம் ஒருவருக்கும் இருவருக்கும் ஒன்றுதான்.