மூச்சுத் திணறிய டாக்சி

அன்று காஜா பெராங்கில் எங்கள் பட்டறையில் இருந்தவர்கள் ஐவர்: என் கணவர், மெக்கானிக் ஆ மெங், டாக்சிக்காரர் கோவிந்தசாமி, அவருடைய மாமியார் சிவகாமி அம்மாள், நான். வாகனப் பட்டறை நடத்தி அவதிப்பட்ட அன்பர்கள் அறிவார்கள்: எஞ்சினைத் திருத்துவது எளிது, திருத்திய எஞ்சினை அதன் வீட்டாரிடமிருந்து காப்பதே தொழில்.

தட்டல்

நாடு சுதந்திரமடைந்த 1957ஆம் ஆண்டு அது. சிங்கப்பூருக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஓட்டத்தில் மற்ற டாக்சிகளை முந்துவதற்காகக் கோவிந்தசாமி தம் வண்டிக்கு சூப்பர்சார்ஜர் பொருத்தச் செய்திருந்தார். அது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும். தீப்பொறி சற்றுத் தாமதித்து விழாவிட்டால் எஞ்சின் டக் டக்கென்று தட்டும், பிஸ்டன் பாழாகும். அன்று பிற்பகல் வாகனச் சோதனை. தோற்றால் டாக்சி உரிமம் போய்விடும். நான் கையேட்டை வாசிக்க, ஆ மெங் தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளினார். தட்டல் நின்றது. கோவிந்தசாமியின் முகம் சுருங்கியது.

"அந்தச் சத்தம் இருந்தாத்தானே அக்கா, வண்டியிலே பலம் இருக்குன்னு ஆளுங்களுக்குத் தெரியும்!"

வெள்ளோட்டம்

புக்கிட் பாரு மேட்டில் வண்டி முனகாமல் ஏறியது. மனம் மாறிய கோவிந்தசாமி, சோதனைக்கு முன் மாமியாரோடு கம்போங் செட்டி கோயிலில் வண்டிக்குப் பூசை போடப் புறப்பட்டார்.

"சாமி கும்பிடு, பாகுஸ் லா, நல்லதுதான்," என்றார் ஆ மெங். "எஞ்சின் மேலே பானட் மூடி மட்டும் திறக்காதே!"

மஞ்சள் துணி

நண்பகலில் வண்டி கரும்புகை கக்கி, இருமிக்கொண்டு திரும்பியது. "என் பிழைப்பைக் கெடுத்துட்டீங்களே அண்ணே!" என்று கோவிந்தசாமி என் கணவரிடம் கத்தினார். நான் பானட்டைத் திறந்தேன். காற்று உள்ளே போகும் வாயில் மஞ்சள் துணி, வேப்பிலையோடு இறுகக் கட்டியிருந்தது.

"வாயைத் தொறந்து வச்சா கண்ணேறு பூந்துடாதா?" என்றார் சிவகாமி அம்மாள்.

வேண்டுதல் துணியைத் தொட ஆண்கள் மூவரும் அஞ்சினர். "கண்ணேறு வருவது கண்ணாடி வழியாக. அங்கே கட்டுங்கள்," என்றேன். அம்மாளே அவிழ்த்து, முன்கண்ணாடியருகே கட்டினார். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. மாமியாரைப் பட்டறையில் அமர்த்திவிட்டுச் சோதனைக்குப் போன கோவிந்தசாமி, மாலையில் உரிமத்தோடு வந்தார்.

"மாமி, நீங்க அவிழ்த்த பிறகுதான் எனக்கே மூச்சு வந்துச்சு!"

காற்று, பெட்ரோல், தீப்பொறி மூன்றையும் நெறிப்படுத்தக் கையேடு உண்டு. மருமகனின் கேலியில் கோபித்து, பூசைக்குக் கொண்டுவந்த கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு, டாக்சியைத் திரும்பியும் பாராமல் வெளியேறிய அந்த அம்மாளை நெறிப்படுத்தக் கையேடு இல்லை.