கோமதி அக்கா எழுதாமல் வைத்திருந்த பெயர்

கோமதி அக்கா இறந்துவிட்டார். நேற்றுக் காலை, திருநெல்வேலியில், ஹார்ட் அட்டாக்.

அக்காவின் மகள்தான் போன் எடுத்துச் சொன்னது. கடையில் சனம் நின்றது. கேட்டுவிட்டு, பழையபடி மரக்கறி நிறுத்துக்கொண்டு நின்றேன்...

அவர் எழுத்தாளர். நான் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் கடை வைத்திருப்பவன், புத்தகம் வாசிக்கிற ஆள் இல்லை. அவருடைய எழுத்தைப் பற்றி என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு சம்மர். லண்டனில் மூன்று மாதம் இருந்து எழுதுங்கள் என்று யாரோ ஸ்கொலர்ஷிப் கொடுத்து அழைத்திருந்தார்கள். ஹாஸ்டல் சாப்பாடு அவருக்கு ஒத்துவரவில்லை. கறிவேப்பிலை வாங்க வந்த இடத்தில், பக்கத்தில் அறை ஏதும் கிடைக்குமா என்று கேட்டார். கடைக்கு மேலே ஒன்று சும்மா கிடந்தது. கொடுத்தேன்.

நாள் முழுக்க மேலே இருந்து எழுதுவார் என்று நினைத்தேன். இவர் பாதி நாள் கீழே வந்து, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, வருகிற சனத்தோடு கதைத்துக்கொண்டிருப்பார். அதனால் கஸ்டமர் கூடியது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இத்தனை வருடம் இருந்தும் நான் ஒரு மியூசியமும் பார்த்ததில்லை என்று தெரிந்ததும் நக்கல் தொடங்கியது. என்னைக் காட்டி, ‘இவர் இன்னும் லண்டனுக்கு வந்து சேரவில்லை’ என்று எல்லோரிடமும் சொல்வார்.

எழுத்தாளர் என்றாலும் சம்பளத்துக்குச் செய்தது தபால் ஆபீஸ் வேலை. கடிதம் என்றால் கண் தானாகப் போகும். ஒருநாள் மத்தியானம் கல்லாவில் வைத்து நான் ஊருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

“தம்பி, ஒங்க பேரு சிவாதானே... அடியில ரவின்னு போட்டிருக்கீங்க?”

பொய் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏனென்று இன்றைக்கும் தெரியவில்லை.

ரவி என்னோடு, களவாக எல்லை கடத்திவிடுகிற ஒரே ஏஜென்டைப் பிடித்து ஊரிலிருந்து வெளிக்கிட்டவன். வரும் வழியில், ஒரு எல்லைக் காட்டில், பனிக்குள்... காலையில் அவன் எழும்பவில்லை. மற்றவர்களை நடக்கச் சொன்னார்கள் ஏஜென்டின் ஆட்கள். நடந்தேன்.

லண்டனில் நாங்கள் இரண்டு பேரும் தங்குவதாக இருந்த வீட்டுக்கு, எனக்கு முன்பே அவனுடைய அம்மாவின் கடிதம் வந்திருந்தது. பிள்ளை வந்து சேர்ந்துவிட்டானா என்று கேட்டு. ஒரே பிள்ளை. ‘வந்திட்டான்’ என்று எழுதிப் போட்டேன். அடுத்த கிழமை உண்மையை எழுதலாம் என்று...

பிறகு அவன் பெயரிலேயே எழுதத் தொடங்கினேன். ரவியின் அம்மாவுக்குக் காது கேளாது, அதனால் போன் சரிவராது. கண்ணும் மங்கல். பக்கத்து வீட்டார்தான் வாசித்துக் காட்டுவார்கள். எல்லாம் எனக்கு வசதியாகப் போய்விட்டது.

ஏன் வந்து பார்க்கவில்லை என்று கேட்டால், அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை, வெளிக்கிட ஏலாது என்று எழுதுவேன். எங்கள் சனம் சந்தேகப்படாத பதில் அது. வருடக்கணக்காகக் கேஸ் இழுபட்ட ஆள் எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

எல்லாவற்றையும் கேட்ட அக்கா ஏசவில்லை.

“அவரு இப்ப என்ன வேலை பாக்காரு?”

“வேர்ஹவுஸில சூப்பர்வைசர் அக்கா.”

“பரவால்லயே. பிரமோஷன்லாம் குடுத்திருக்கீங்க.”

சிரித்துவிட்டேன். இந்த விஷயத்தில் நான் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த கடிதத்தை அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதற்கு முன், வழியில் ரவி என்னென்ன சொல்லிக்கொண்டு வந்தான் என்று துருவித் துருவிக் கேட்டார். இடது கால் சப்பாத்து கடிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தவன். அதையும் கடிதத்தில் சேர்க்கச் சொன்னார்.

ரவியின் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. ‘இவ்வளவு காலமும் ஆரோ எழுதினது மாதிரி இருந்தது தம்பி. இந்த முறைதான் நீ கதைச்சாய்.’

அதைக் கடையில் நின்று வாசிக்க முடியவில்லை. மீன் வைக்கிற குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு ரவி என்னை விட்டுப் போகவில்லை. ட்ரெயினில் யாராவது சப்பாத்தைக் கழற்றிக் காலைத் தடவினால் முகத்தைப் பார்ப்பேன். கோயில் வாசலில் கழற்றிவிட்டிருக்கிற சப்பாத்துகளைப் பார்க்காமல் உள்ளே போவேன்...

அக்கா ஊர் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு, ஹரோ மேட்டில் இருக்கிற பழைய சேர்ச்சுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் கார் ஓட்டினேன், வழி அவர் சொன்னார். கல்லறைகளில் அழிந்துபோன பெயர்களை விரலால் தடவி வாசித்துக்கொண்டே வந்தவர் நின்றார்.

“ரவிக்கு எங்கயாச்சும் பேரு வெட்டிருக்கா?”

“இல்லை அக்கா.”

“அவரு கதைய நான் எழுதட்டுமா?”

“அவன்ர அம்மா உயிரோட இருக்கிறா அக்கா.”

அங்கேயே இருந்து பேசி முடித்தோம்.

போன தைப் பொங்கலுக்கு முந்தின கிழமை ரவியின் அம்மா போய்ச் சேர்ந்தார். மகன் லண்டனில் இருக்கிறான் என்ற நினைப்போடுதான் போனார்.

செய்தி வந்த அன்றைக்கே அக்காவுக்குப் போன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. பொங்கல் வியாபாரம் என்று எனக்கே சாட்டுச் சொன்னேன். பொங்கல் முடிந்தது, சித்திரை வருடப் பிறப்பும் முடிந்தது... பயம். அதுதான் உண்மை.

நேற்று மகள் இன்னொன்றும் சொன்னது. அக்காவின் மேசைக்குள் ஒரு ஃபைல், மேலே என் கடையின் பெயர். உள்ளே முதல் தாளில் ‘கந்தையா ரவீந்திரன்’ என்று மட்டும். மற்றதெல்லாம் வெறும் தாள். யார் அங்கிள் இது என்று கேட்டது. பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

பிள்ளை, நீ இதை வாசிப்பாய். இதுதான் பதில்.

போய்வாங்கோ அக்கா. நீங்கள் சொல் தவறவில்லை. தவறினது நான்.

அன்றைக்கு நாங்கள் பேசி முடித்தது இவ்வளவுதான். ரவியின் அம்மா உயிரோடு இருக்கும்வரை நீங்கள் ஒரு வரியும் எழுதுவதில்லை. அவர் போன அன்றைக்கே நான் உங்களுக்குச் சொல்வது. கதையில் என் பெயரை மாற்றலாம், ரவியின் பெயரை மாற்றக் கூடாது.