நான் ஆங்கிலத்தில் சாகடித்த மனிதர்

மயிலிட்டியில் தவராசா என்று ஒரு கடற்றொழிலாளி இருக்கிறார். நல்ல திடமான ஆள். இன்று காலையும் கடலுக்குப் போய் வந்தார். அவரை நான் ஆங்கிலத்தில் சாகடித்தேன்.

பகிடிக்குச் சொல்லவில்லை. போன வருடம் கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்துக்குப் போன விண்ணப்பப் படிவத்தில், இவர் போரில் இறந்துவிட்டார் என்று என் கையால் எழுதினேன். பண்டத்தரிப்பில் முப்பத்தைந்து வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். வசனத்தில் இலக்கணம் சுத்தம். பொய் என்பது மட்டும்தான் குறை.

ஏன் செய்தேன்?

தவராசாவின் மனைவி யோகராணி ஓர் ஓவியர். மீன் ஏலம் கூறும் இடத்தில் நிற்கிற பெண்களைக் கீறுவார். வாய் நிறையச் சிரிக்கிறவள், பாரை மீனைத் தூக்கிப் பிடித்துச் சண்டைக்கு நிற்கிறவள், ஏலம் கூறுகிறவருக்கு நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுகிறவள்... பார்த்தால் உங்களுக்கும் சிரிப்பு வரும். அவர் கேட்டது இரண்டே இரண்டுதான் — வர்ணம் வாங்கக் கொஞ்சம் உதவி, படங்களை மாட்ட ஒரு சுவர்.

அதைக் கேட்பதற்குப் பதினான்கு பக்கப் படிவம். ஆங்கிலத்தில். 'உங்கள் கலை எத்தனை பேருடைய வாழ்க்கையை மாற்றும்? எண்ணிக்கையில் தருக.' மீன்காரி நாக்கு நீட்டுவதால் எத்தனை பேருடைய வாழ்க்கை மாறும்? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

இரண்டு தடவை உண்மையைத்தான் எழுதினேன். இடம்பெயர்ந்தது, முகாமில் இருந்தது, ராணுவத்திடமிருந்து காணி விடுபட்டதும் திரும்பி வந்தது — எல்லாம். இரண்டு தடவையும் 'வருந்துகிறோம்'. தொலைபேசி எடுத்துக் காரணம் கேட்டேன்.

"கதை இன்னும் கொஞ்சம் ஸ்ட்ரோங்கா இருந்தா நல்லம் சேர்" என்றார் அங்கிருந்த இளம்பெண், மிக மரியாதையாக.

ஸ்ட்ரோங்! தேத்தண்ணியா கேட்கிறார்கள்?

மூன்றாம் தடவை எனக்கு ரோசம் வந்துவிட்டது. 'போரினால் நீங்கள் எவ்வாறு பாதிக்கப்பட்டீர்கள்' என்ற கட்டத்தில் எழுதினேன் — போரில் கணவனை இழந்தவர். சிரிக்கும் முகங்களுக்குப் பின்னால் உறைந்திருக்கும் துயரத்தைத் தீட்டுகிறார். யோகராணிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. "எல்லாம் சரி, இதிலை ஒரு கையெழுத்து வையும் பிள்ளை" என்றேன். என்னை நம்பி வைத்தார்.

கிடைத்துவிட்டது! உதவித்தொகை, கொழும்பில் மூன்று நாள் கண்காட்சி, எல்லாமே. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. படங்களைக் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, யோகராணியோடு கொழும்புக்குப் போனவர் யார்? நான் சாகடித்த அதே தவராசாதான்.

கடைசி நாள் ஒரு தமிழ் அம்மா யோகராணியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்: "தனிய நிண்டு பிள்ளையளை எப்பிடியம்மா வளத்தனீங்கள்?"

"தனியவோ? உந்தா, வடை சாப்பிட்டுக்கொண்டு நிக்கிறார்."

அந்த அம்மாதான், என் வசனங்களோடு சுவரில் ஒட்டியிருந்த ஆங்கில அறிமுகத்தை இருவருக்கும் தமிழில் வாசித்துக் காட்டினாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். தவராசா கதிரையில் ஆறுதலாக உட்கார்ந்தார்.

"மாஸ்டர், என்ரை அந்தியேட்டிக் கிரியையை எங்கை செய்தனீங்கள்? கீரிமலையிலையோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். யோகராணி சிரிக்கவில்லை. நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. அந்தக் கோலத்தோடுதான் அந்தச் சுவருக்கு முன்னால் மூன்று நாளும் நின்றிருக்கிறார்.

"இவரை விடுங்கோ மாஸ்டர். மூண்டு நாளும் என்ரை படங்களைப் பாத்து ஒரு சனம் சிரிக்கேல்லை. செத்த வீட்டிலை நிக்கிற மாதிரி நிண்டவை. நாக்கு நீட்டிறவளைப் பாத்து ஒரு மனுசி கண்ணைத் துடைக்கிறா! அது என்ரை படமோ, உங்கடை படமோ?"

மன்னிப்புக் கேட்டேன். போதாது என்று எனக்கே தெரிந்தது. எழுதியது நான், அவருக்குத் தெரியாது, கணவர் உயிரோடு இருக்கிறார், கொடுத்த பணத்தை என் ஓய்வூதியத்திலிருந்து திருப்பித் தருகிறேன் — இவ்வளவையும் சொல்ல, மறுநாள் அவர்கள் முன்னாலேயே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். அதே இளம்பெண்தான்.

"காசைத் திருப்பி எடுக்க எங்ககிட்ட ஃபோம் இல்ல சேர்."

கொடுப்பதற்குப் பதினான்கு பக்கம். எடுப்பதற்கு ஒரு துண்டுகூட இல்லை!

அதோடு இன்னொரு செய்தியும் சொன்னார். படங்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தெரிவு செய்திருக்கிறார்களாம். யோகராணியும் போகலாம். ஆனால் அது போரில் கணவரை இழந்த பெண்களுக்கான கண்காட்சி.

"நீங்க திருத்தி எழுதினா அவங்க அந்த லிஸ்ட்ல வர மாட்டாங்க."

"திருத்தாவிட்டால்?"

"நாங்க ஒண்டும் கேக்க மாட்டம் சேர்."

விஷயத்தைச் சொன்னேன். தவராசாதான் முதலில் வாய் திறந்தார்.

"அப்ப நான் செத்தபடியே கிடக்கிறன். எனக்கென்ன நட்டம்? நீ போட்டு வா."

"வாயைக் கழுவுங்கோ அப்பா!" என்று சீறினார் யோகராணி. பிறகு என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், ஆளை உயிர்ப்பிச்சு விடுங்கோ."

"பிள்ளை, உப்பிடி ஒரு சந்தர்ப்பம் திரும்ப வராது."

"வராட்டிப் போகட்டும். அங்கையும் சனம் அழத்தானே போகுது?"

உயிர்ப்பித்தேன். எழுத்தில், என் பெயரைப் போட்டு. இரண்டு வரியில் நன்றி சொல்லிப் பதில் வந்தது. பட்டியல் வெளியானபோது யோகராணியின் பெயர் இல்லை. என் பொய்யும் அவர் தலையில்தான் விழுந்தது, என் உண்மையும் அவர் தலையில்தான் விழுந்தது. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

போன கிழமை மயிலிட்டித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் கேட்டேன். படிவமா? மண்டபத்தின் திறப்பை வைத்திருந்தவர் சொன்னது இவ்வளவுதான்: "ஓம், எடுங்கோ. முடிய மண்டபத்தைக் கூட்டிப்போட்டுத் தாங்கோ."

படங்களுக்கு அடியில் ஒட்டுவதற்கு நாலு வரி எழுதலாமென்று பேனாவை எடுத்தேன். யோகராணி பார்த்துவிட்டார்.

"நீங்கள் ஒண்டும் எழுத வேண்டாம் மாஸ்டர். கதிரையை அடுக்குங்கோ."

அடுக்கினேன்.

ஏலம் முடிந்ததும் பெண்கள் வந்தார்கள். படங்களில் தங்கள் முகங்களைத் தேடினார்கள். பிறகு மண்டபம் அதிர்ந்தது — அப்படி ஒரு சிரிப்பு! படத்தில் நாக்கு நீட்டுகிற பூமணி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு தன்னைத் தானே பார்த்தார்.

"எடியே யோகம், என்னை ஏனடி உவ்வளவு குண்டாக் கீறினனி?"

சொன்னவர் படத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நான் ஓடிப்போய், "அம்மா, அது விக்கிறதுக்கு..." என்றேன்.

"என்ரை மூஞ்சைக்கு நான் ஏன் காசு தரோணும்?"

நான் யோகராணியைப் பார்த்தேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தவராசா, படத்தைப் பூமணியின் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு படமும் விற்கவில்லை. நீல வர்ணம் முடிந்துவிட்டதாம். அடுத்த விண்ணப்பத்தை யோகராணியே தமிழில் எழுதுகிறார். தபால் முத்திரை ஒட்டுவதற்கு மட்டும் எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.