எதிர் வீடு

அப்பாவின் கருமாதி முடிந்த வாரமே சித்தப்பா என் தம்பியைக் கொண்டுபோய் ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டார். நான் அப்போது புதுச்சேரியில் வேலையில் இருந்தேன். அம்மா முன்பே இறந்துவிட்டாள். "கோயிலுக்குப் போலாம் வாடா" என்று சொல்லித்தான் சித்தப்பா அவனைக் காரில் ஏற்றியிருக்கிறார்.

தம்பிக்கு ஆட்டிசம். முப்பது வயது ஆள். குறைவாகத்தான் பேசுவான். யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புவான். பொய் என்று ஒன்று இருப்பது அவனுக்கு இன்றைக்கும் முழுசாகப் பிடிபடவில்லை. கோயில் என்றதும் புதுச்சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு கிளம்பியிருக்கிறான்.

எல்லாம் முடிந்த பிறகுதான் சித்தப்பா எனக்குப் போன் செய்தார்.

"நல்ல இடம்மா. வேளாவேளைக்கு சோறு போடறாங்க. அண்ணனோட குவார்ட்டர்ஸ காலி பண்ணணும், நீயும் ஒரு கல்யாணம் காட்சின்னு பாக்கணும். இவன வச்சிக்கினு எங்க போவ?"

நான் போய்ச் சேர்ந்தபோது, வெளியே பூட்டுப் போட்ட ஒரு கூடத்தில் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தான். தலையை மொட்டை அடித்திருந்தார்கள். யாருடையதோ ஒரு சட்டை, தோளில் நிற்காமல் வழிந்தது. மணிக்கட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கியிருந்தான். என்னைப் பார்த்து அழவில்லை.

"கோயில் எங்க?" என்றான்.

அவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் நெய்வேலிக்குத் திரும்புகிற வழியெல்லாம் அதையே கேட்டான். பல மாதம் கேட்டான். ஒவ்வொரு முறை அவன் கேட்டபோதும் சித்தப்பாவின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. சிலருக்குக் கோபம் தானாக ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற விடவும் இல்லை.

சித்தப்பா சுரங்கத்தில் பர்மனென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நகரியத்துக்கு வெளியே சொந்த வீடு கட்டியிருந்தார். அவர் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு மாடி வீடு வாடகைக்கு வந்தது. அதை எடுத்தேன். இதைவிட நல்ல வீடுகளைப் பார்த்திருந்தேன், காற்றோட்டமான வீடுகள், நாய் குரைக்காத தெருக்கள். அவர் தினமும் காலையில் கதவைத் திறந்தால் என் தம்பி முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் எடுத்தேன்.

நீண்ட விடுப்பு போட்டுவிட்டு அவனோடு தங்கினேன். கேஸ் அடுப்பு வேண்டாம், இண்டக்‌ஷன் அடுப்பு. சோறு, முட்டை, ரசம் என்று ஒவ்வொன்றாகப் பழகினான். வடலூரில் ஒரு பேக்கரியில் ரஸ்க் பாக்கெட் போடுகிற வேலை கிடைத்தது. பஸ் ஹாரன் அவனுக்கு ஆகாது. அப்பா சுரங்க வேலையில் போட்டுக்கொண்ட காதுமூடியை எடுத்துக் கொடுத்தேன், மாட்டிக்கொண்டு போய்வந்தான்.

நான் வேலைக்குத் திரும்பினால் அவனைக் கவனிக்க ஆள் வேண்டும். கீழ் வீட்டு அக்கா வீட்டிலேயே துணி தைப்பவர். சாயந்தரம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

"சாப்டியான்னு கேக்காதீங்கக்கா. ஆமான்னு சொல்லிடுவான். என்ன சாப்ட்டன்னு கேளுங்க."

"அப்டியா? என் வூட்டுக்காரர் கிட்டயும் இனிமே அப்டியே கேக்கறேன்" என்று சிரித்தார்.

குடிபுகுந்து பால் காய்ச்சிய நாளில் சித்தப்பாவைத்தான் முதலில் அழைத்திருந்தேன். தம்பியே பால் காய்ச்சி, சர்க்கரை போட்டு, டம்ளரைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினான். சித்தப்பா வாங்கிக் குடித்தார். குடிக்காமல் இருக்க வழியில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

"எவ்ளோ நாளைக்குன்னு பாப்போம்" என்றார்.

தைப்பூசத்தன்று அவர் வாய் பலித்தது. வடலூர் முழுக்க ஜோதி பார்க்க வந்த கூட்டம். பஸ்ஸை வேறு வழியாக விட்டு, தெரியாத இடத்தில் இறக்கிவிட்டார்கள். தம்பி ரோட்டோரம் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு கத்தியிருக்கிறான். சட்டைப்பையில் போன் நம்பர் எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவதி கீழ் வீட்டு அக்காவைக் கூப்பிட்டார். அக்கா ஸ்கூட்டியில் போய் அழைத்து வந்தார். வண்டி வாசலில் நிற்பதற்குள் சித்தப்பா எனக்குப் போன் போட்டுவிட்டார்.

"சொன்னேன்ல?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் என் காதில் இருக்கிறது. தம்பி இரண்டு நாள் படுத்துக் கிடந்தான். பிறகு எழுந்து, "பூசத்துக்கு லீவு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

கொஞ்ச நாளில் சித்தப்பா தன் வாசலில் ஒரு பச்சைப் படுதாவைக் கட்டித் தொங்கவிட்டார். வெயிலுக்காம். சனிக்கிழமை புதுச்சேரியிலிருந்து வரும்போதெல்லாம் நான் மாடியில் நாற்காலி போட்டு, அந்தப் படுதாவைப் பார்த்தபடி ருசித்துக் காபி குடித்தேன்.

ஒரு வருடம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை தம்பி சொன்னான்:

"நான் வேற வூட்டுக்குப் போறேன்."

வடலூரில், பேக்கரிக்குப் பின் தெருவில், கூட வேலை செய்கிறவர் காட்டிய வீடு.

"இங்க நாய் கத்துது. பஸ்ல ஆரன். அங்க நடந்து போலாம்."

"தனியா இருக்கும்போது உனக்கு ஏதாவதுன்னா?"

"கீழ் வூட்டு அக்கா போன்ல கேப்பாங்க. பேக்கரி மொதலாளியம்மா பக்கத்து வூடு."

எல்லாம் யோசித்து வைத்திருந்தான். "இங்கயே இருடா. சித்தப்பா பாக்கணும்ல?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"எதுக்கு?" என்றான்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். அவன் குக்கரைத் துணியில் சுற்றத் தொடங்கினான்.

சாமான் ஏற்றும்போது சித்தப்பா படுதாவை விலக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"என்னம்மா, காலி பண்றீங்களா? முடியலயா?"

"அவனே பாத்த வீடு சித்தப்பா. அவனா போறான். என்னைக் கேக்கக்கூட இல்ல."

தம்பி அவரைப் பார்த்து, "வரேன் சித்தப்பா" என்றான். அவனுக்குள் எதுவும் இல்லை. எல்லாம் எனக்குள்தான் இருந்தது. இருக்கட்டும்.

போன வைகாசியில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். என்னை மட்டும் கூப்பிட்டார்கள். போனேன், மணமேடைக்கு நேராக முன்வரிசையில் உட்கார்ந்தேன். பந்தியில் ஒரு அத்தை, "தம்பி எங்க, அந்த ஹோம்லயா?" என்று கேட்டார். சித்தப்பா இரண்டு இலை தள்ளி, சாப்பிடுகிறவர்களை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"தனி வீடு எடுத்து இருக்கான் அத்தை. வேலைக்குப் போறான், சமைச்சு சாப்பிடறான். ஹோம்ல இருந்தத எதுக்கு இப்ப ஞாபகப்படுத்தறீங்க? கோயிலுக்குன்னு சொல்லி ஏமாத்திக் கூட்டிட்டுப் போனாங்க, பாவம்" என்றேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.

சித்தப்பா அடுத்த பந்திக்கு நகர்ந்துவிட்டார். நான் பாயசம் பரிமாறுகிறவரை நிறுத்தி, இன்னொரு கரண்டி போடச் சொன்னேன்.