கப்பல்காரர் வீட்டுக்கு வந்த மதியம்

போன வாரம் சாந்தோம் கடற்கரையில் ஒரு மீன்காரம்மாவிடம் திட்டு வாங்கினேன். நியாயமான திட்டுதான்.

“இன்னாம்மா, டெய்லி வந்து ரெண்டு பேரும் கடலையே பாத்துகினு நிக்கிறீங்க. மீனை ஒரு வாட்டியாவது பாத்தீங்களா?”

ரெண்டு பேர் என்றது என்னையும் ஸ்டெல்லாவையும். ஸ்டெல்லா எங்கள் அபார்ட்மென்ட்டில் கீழ் வீட்டுப் பெண். சொந்த ஊர் தூத்துக்குடி. இடுப்பில் மூன்று வயது மகள் மெர்லின். ஸ்டெல்லா கூச்சப்பட்டுக்கொண்டே தூரத்தில் வரிசையாக நின்ற கப்பல்களைக் காட்டினாள்.

“அந்தக் கப்பல்ல எங்க வீட்டுக்காரங்க இருக்காங்க. அந்தா, சிவப்பா நிக்கில்லா, அது.”

மீன்காரம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். “அடப்பாவமே! இம்மாங்கிட்டத்துல கீது... எறங்கி வூட்டுக்கு வரச் சொல்றதுதானே?”

அதைத்தான் நானும் கேட்டிருந்தேன். அதே வார்த்தைகளில் இல்லை, அவ்வளவுதான்.

ஸ்டெல்லாவின் கணவர் அருள் ஒரு எண்ணெய்க் கப்பலில் இன்ஜினியர். மெர்லின் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் சிங்கப்பூரில் ஏறியவர். அந்தக் கப்பல் எங்கெங்கோ போகும், சென்னைக்கு மட்டும் வராது. இந்தத் தடவை வந்தது. வந்து, துறைமுகத்தில் இடம் காலியில்லை என்று வெளியே நங்கூரம் போட்டு நின்றுவிட்டது.

கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு ஆப் ஸ்டெல்லாவின் போனில் உண்டு. பெரிய கப்பல்கள் எல்லாம் ‘நான் இன்னார், இங்கே இருக்கிறேன்’ என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். சர்வதேச விதி. பெருங்குடி ஆபீஸிலிருந்து கிளம்பிவிட்டேன் என்று சொல்லிவிட்டு ஆபீஸிலேயே உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரருக்கும் இப்படி ஒன்று மாட்டிவிட்டால் தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் விஷயம் சிரிப்பில்லை. ஆப்பில் அருளின் கப்பல் சின்ன முக்கோணமாக, சாந்தோமிலிருந்து ஒரு விரல் தூரத்தில் நிற்கிறது. விரல் தூரம்! அவரால் வர முடியாது. கப்பல் நங்கூரத்தில் நின்றாலும் இத்தனை பேர் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்று விதி. குடியுரிமை அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை யாரும் இறங்கக் கூடாது. படகு அனுப்பினாலும் ஏறக் கூடாது. சரி, மனைவி போய்ப் பார்க்கலாமா? கூடாது. அது எண்ணெய்க் கப்பல், பாதுகாப்பு விதி இன்னும் கெடுபிடி.

அன்றைக்கு இருட்ட ஆரம்பிக்கும்போது அருள் போன் செய்தார். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது.

“கரையிலதான் நிக்கேன்” என்றாள் ஸ்டெல்லா. “லைட்டா தெரியுது. எல்லாக் கப்பல்லயும் லைட்டு எரியுது. நீங்க டெக்ல வந்து டார்ச் அடிங்களேன்... மெர்லினுக்குக் காட்டுதேன்.”

அருள் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“இல்லம்மா. எந்த விளக்கு எங்க எரியணும்கறதுக்கே விதி இருக்கு. நான் பாட்டுக்கு டார்ச் அடிச்சா, ஆபத்துல உதவி கேக்கோம்னு நெனச்சிருவாங்க.”

ஸ்டெல்லா போனைக் கீழே இறக்கினாள். “கேட்டீங்களாக்கா? உதவி கேக்கோம்னு நெனச்சிருவாங்களாம்.” சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மீன்காரம்மா மெர்லின் கன்னத்தைத் தடவிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒருவழியாகக் கப்பல் உள்ளே வந்தது. அன்று காலை ஸ்டெல்லா மாடி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சர்ச்சிலிருந்து நேராக வருகிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. முகம் சரியில்லை.

“எக்கா, நான் ஒரு கெட்ட காரியம் பண்ணிட்டேன்.”

“என்ன ஆச்சு?”

“இன்னைக்குக் கப்பல்ல இன்ஸ்பெக்‌ஷன். ஆபீசருங்க வந்து எல்லாத்தையும் சோதிப்பாங்க. ஏதாவது சரியில்லைன்னா சரிபண்ற வரைக்கும் கப்பலை விட மாட்டாங்க, இங்கயே நிறுத்திருவாங்க. அதான்... ஏதாவது ஒண்ணு சரியில்லாம இருக்கணும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன்.”

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. “வேண்டிக்கோயேன், இதுல என்ன கெட்டது?”

“இல்லக்கா. வெளியில வந்தப்புறம்தான் நெனப்பு வந்துச்சு. எங்க வீட்டுக்காரங்க பாத்துக்கிற மெஷின்தான் ரொம்ப நாளா மக்கர் பண்ணுது. அதுல மாட்டினா அவங்க பேருதான் கெடும். அடுத்த கப்பல் கெடைக்கிறது கஷ்டம். திரும்பப் போய் ‘வேண்டாம் தாயே’ன்னு மாத்தி வேண்டிக்கிட்டு வந்தேன். மாதா எதைக் கேட்டுருப்பாங்களோ!”

அந்த மெஷின் என்ன என்று கேட்டேன். கப்பலின் அடித்தளத்தில் எண்ணெயும் அழுக்குமாகத் தண்ணீர் சேருமாம். அதைக் கடலில் விடுவதற்கு முன்னால் எண்ணெயைப் பிரித்தெடுக்கும் மெஷின். எவ்வளவு பிரிக்க வேண்டும் தெரியுமா? பத்து லட்சம் சொட்டுத் தண்ணீரில் எண்ணெய் பதினைந்து சொட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் அலாரம் அடித்து மெஷின் தானாக நின்றுவிட வேண்டும்.

பத்து லட்சத்தில் பதினைந்து! இந்தப் பக்கம் நேப்பியர் பாலத்தடியில் கூவம். அந்தப் பக்கம் பட்டினப்பாக்கத்தில் அடையாறு. இரண்டும் எந்த அலாரமும் அடிக்காமல் அதே கடலில் கலந்துகொண்டிருக்கின்றன. நடுவில் நின்றுகொண்டு இந்தப் பெண், ஒரு கப்பல் கொஞ்சம் அழுக்காக இருக்கக் கூடாதா என்று மாதாவைக் கேட்டிருக்கிறாள். யாரைக் குறை சொல்வது?

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், நான் கீழே அவள் வீட்டில் இருந்தபோது அருளின் போன் வந்தது. இன்ஸ்பெக்‌ஷன் முடிந்துவிட்டது. ஒரு குறையும் இல்லை. மெஷின் ஒழுங்காக வேலை செய்தது. அலாரம் அடிக்க வேண்டிய நேரத்தில் அடித்தது.

“அப்ப?” என்றாள் ஸ்டெல்லா.

“இன்னைக்கு ராத்திரியே கிளம்புதோம்.”

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அருள் பேச்சை முடிக்கவில்லை. மெஷினைச் சரிபார்க்கிறேன் என்று சரியாகத் தூங்காமல் கிடந்தாராம். கப்பலில் ஓய்வுக்கும் விதி உண்டு. ஒரு நாளில் குறைந்தது பத்து மணி நேரம், அதில் ஆறு மணி நேரம் சேர்ந்தாற்போல். கொடுக்காவிட்டால் அதுவும் குற்றம். தலைமை இன்ஜினியர் அவரைக் கூப்பிட்டு, “நீ ஓய்வெடுத்தே ஆகணும். எங்க எடுக்கிறேங்கிறது உன் இஷ்டம். திரும்பி வர்ற நேரம் மட்டும் என் இஷ்டம்” என்று சொல்லி, கேட் பாஸும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

நான் கார் சாவியை எடுத்தேன். காமராஜர் சாலையில் அத்தனை சிக்னலும் அன்றைக்கென்று சிவப்பு.

துறைமுக கேட்டில் அருள் ஒரு முதுகுப் பையோடு வெளியே வந்தார். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. தாடி. ஸ்டெல்லா ஓடவெல்லாம் இல்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் பக்கத்தில் வந்ததும், “எளைச்சுட்டீங்க” என்றாள். அவர், “நீயும்தான்” என்றார். இவ்வளவு காலத்துக்குப் பிறகு இதுதானா பேச்சு?

மெர்லின் அவரைப் பார்த்தாள். அம்மா கையிலிருந்த போனைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்துவிட்டு என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அருள் அவளைத் தூக்கவில்லை. குனிந்து உட்கார்ந்து, “பரவாயில்ல, மெதுவா வா” என்றார். கார் ராணி மேரி கல்லூரியைத் தாண்டும்போது அவளாகவே அவர் சட்டைப் பட்டனைத் தொட்டுப் பார்த்தாள்.

வீட்டில் ஸ்டெல்லா, அவர் வந்தாலும் வருவார் என்று முன்னாலேயே சீலா மீன் குழம்பு வைத்திருந்தாள். நாம் வஞ்சிரம் என்போமே, அதுதான். மீன் வறுவல், முட்டைக்கோஸ் பொரியல், தூத்துக்குடியிலிருந்து வரவழைத்த முந்திரி இனிப்பு மக்ரூன். என்னையும் உட்காரச் சொன்னாள். அருள் மூன்று வாய் சாப்பிட்டிருப்பார். “அந்த மெஷின்ல சென்சாரைக் கழட்டி...” என்று ஆரம்பித்தார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. கை தட்டிலேயே இருந்தது. உட்கார்ந்தபடி தூங்கிவிட்டார்.

“எழுப்பும்மா” என்றேன். “சாப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசிட்டாவது...”

ஸ்டெல்லா தலையை ஆட்டினாள். “வேண்டாம்க்கா. ராத்திரி கப்பல் கிளம்பும்போது இன்ஜின் ரூம்ல நிக்கணும். போன கப்பல்ல இவங்க கூட வேலை பாத்தவருக்குத் தூக்கக் கலக்கத்துல கை மெஷினுக்குள்ள போயிருச்சு.”

ஈரத்துணியால் அவர் கையைத் துடைத்தாள். கண்ணைத் திறக்காமலேயே அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்க் கட்டிலில் விழுந்தார். நான் மாடிக்கு வந்துவிட்டேன்.

எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஏதோ ஒரு கடலில் மூழ்கிய கப்பல் இருக்கும், திரும்பி வராத ஆட்கள் இருப்பார்கள். அதனால்தான் விதி. எல்லாம் புரிகிறது. மனுஷன் பத்திரமாக இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும். ஆனால் பத்திரமாக இருக்கும் மனுஷனைப் பார்க்க ஏங்குகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதியிருக்காது போலிருக்கிறது.

சாயங்காலம் அவரைத் திரும்பக் கொண்டுவிட வேண்டிய நேரம். கீழே போனேன். கதவு திறந்தே இருந்தது. மெர்லின் கட்டிலில், அவர் விலாவோடு ஒட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து, தலையைக் கட்டில் விளிம்பில் சாய்த்து, மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள். ப்ளே ஸ்கூலில் மெர்லின் அழுதது... அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது... வாஷிங் மெஷின் ரிப்பேரானது... தனியாக இருக்கப் பயந்து இரண்டு நாள் லைட்டை அணைக்காமலே படுத்தது. சேர்த்து வைத்த அத்தனையையும், தூங்குகிற மனுஷனிடம்.

நான் சத்தம் போடாமல் படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எழுந்ததும் அருளுக்குக் கோபம். “ஏன் எழுப்பல? ஏன் ஸ்டெல்லா எழுப்பல?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் மீதமிருந்த மீன் வறுவலைப் பொட்டலம் கட்டினாள். குழந்தை தூங்குகிறது என்று வாசலோடு நின்றுவிட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். அவ்வளவுதான்.

காரில் லைட் ஹவுஸ் தாண்டும்வரை அவர் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஸ்டெல்லாவின் இரண்டு வேண்டுதல்களையும் சொல்லிவிட்டேன்.

அருள் சிரிக்கவில்லை. “நானும்தான் நெனச்சேன்க்கா. எண்ணெய் அளவு பாக்குற சென்சாரைச் சரிபண்ணாம விட்டிருந்தா, பார்ட்ஸ் வர்ற வரைக்கும் நாலஞ்சு நாள் இங்கதான். ராத்திரி பூரா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“அப்புறம் ஏன் விடல?”

ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தார். “ஆபீசருங்க கண்ணுல படாமப் போயிட்டா? அலாரம் அடிக்காம எண்ணெய் கடல்ல போனா யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே. அப்புறம் இவ்வளவு தூரம் வந்து புள்ளை பக்கத்துல எப்படிப் படுத்துத் தூங்குறது?”

கேட்டில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போனார்.

மறுநாள், என் போனிலும் போட்டுக்கொண்டிருந்த ஆப்பில் அந்த முக்கோணம் இலங்கைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லாவைப் பார்க்கலாம் என்று காலையில் கீழே போனேன். அவள் சமையலறையில் இருந்தாள். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் மெர்லின் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

“உஷ்... அப்பா தூங்குறாங்க.”

நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. யார் போட்டது என்று நான் ஸ்டெல்லாவைக் கேட்கவில்லை.