தலைமடை மாப்பிள்ளை

உலகத்துப் பெரிய அணைகளெல்லாம் என் அப்பாவின் போனில் இருக்கின்றன. சீனாக்காரன் கட்டியது, எகிப்தில் நைல் நதியை மறித்தது, அமெரிக்காவில் பாலைவனத்து நடுவே நிற்பது என்று சாப்பிடும்போது ஒவ்வொன்றாக வீடியோ பார்ப்பார். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, "என்ன இருந்தாலும் நம்ம கல்லணை மாதிரி வருமா?" என்பார். காலையில் பேப்பரில் பெரியாறு அணையின் நீர்மட்டத்தைப் பார்க்காமல் காபியைத் தொடமாட்டார்.

காரணம் இருக்கிறது. எங்கள் வயல் மேலூருக்கு அப்பால், கொட்டாம்பட்டி போகிற பக்கம். பெரியாற்றுக் கால்வாயின் கடைமடை. தலைமடைக்காரர்கள் இருபோகம் விளைவித்தது போக மிச்சம் மீதி இருந்தால், முறை வைத்து எங்களுக்குத் தண்ணீர் விடுவார்கள். பல வருஷம் அந்த முறைத் தண்ணீரும் வராது.

நானோ வாடிப்பட்டிப் பையனைக் காதலித்தேன். சுத்தத் தலைமடை. "ஊர்ல வேற பயலே கிடைக்கலையா ஒனக்கு?" என்று குதித்தார் அப்பா. அம்மா அழுத அழுகையில்தான் பெண் பார்க்க வரச் சம்மதித்தார். அவரை மசிய வைக்க அணையை விட்டால் வேறு வழியில்லை என்று பையனுக்கு நான் ஒரு வாரம் பாடம் எடுத்தேன்.

அவனும் நன்றாகத்தான் ஆரம்பித்தான். நைல் நதி, சீனா, ஆற்று மணலில் கல்லைப் போட்டே எழுப்பிய கல்லணை. அப்பா முகம் மலர்ந்து கேசரித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். அங்கேயே அவன் வாயை மூடியிருக்கலாம்.

"எங்க ஊர்ல தண்ணிக்குப் பஞ்சமே இல்ல மாமா. கால்வாய்ல ஓடிக்கிட்டேதான் இருக்கும்" என்றான் பெருமையாக. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டான்.

"ஓடும்ல? எங்களுக்கு வந்தாத்தான?" அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். போச்சு, என் கல்யாணம் போச்சு என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவனுடைய அம்மாதான் காப்பாற்றினார். "அண்ணே, அணையத் திறக்குற சாவி எங்ககிட்ட இல்ல. கல்யாணம் எங்க ஊர்லதான். அங்க ஒங்க மனசு குளிர என்ன செய்யணும், சொல்லுங்க."

அப்பா யோசிக்கவே இல்லை. "பந்திய கடைசி இலையில இருந்து பரிமாறணும். எங்காளுக அங்கதான் உக்காருவோம்."

அப்படியே நடந்தது. பரிமாறுகிறவர்கள் பழக்கதோஷத்தில் முதல் இலைக்கு ஓடுவதும், எங்கள் சித்தப்பா அவர்களைக் கடைசி வரிசைக்கு இழுத்து வருவதுமாக ஒரே ரகளை. முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் வெறும் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மாலையும் கழுத்துமாக நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம்.

"இங்க வர எம்புட்டு நேரம் ஆகும்?" என்று என் மாமனார் குரல் கொடுத்தார்.

"முறை வச்சுத்தான் வரும், பொறுங்க சம்பந்தி!" என்றார் சித்தப்பா. எங்கள் வரிசையே சிரித்தது.

அப்பா மட்டும் சோற்றில் கை வைக்கவில்லை. முன்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து, பரிமாறுகிறவர் கையிலிருந்த சோற்று வாளியைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று முதல் இலைக்கு நடந்தார்.

"அண்ணே, நம்ம முறையே இன்னும் முடியலண்ணே!" என்று சித்தப்பா கத்தினார்.

"போடா. காஞ்சு கெடக்குறத என்னால பாக்க முடியலடா" என்றார் அப்பா.